எல்லாருக்கும் கை வராது

கரன்ட் அக்காவின் கடைக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மன்னிப்புத்தான் கேட்பார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, நான்தான் ஏதோ தப்பா பண்ணிட்டேன்" என்பார்கள். அவர்கள் ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டார்கள். இரண்டே வருஷத்தில் மண்டையைப் போடுகிற மாதிரி அதைச் செய்து விற்றவன் எங்கேயோ ஏசி அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே காசு கொடுத்து வாங்கிய மனுஷி, ஏதோ கொலை பண்ணிவிட்டு வந்தவள் மாதிரி, செத்த மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருப்பாள்.

அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மிக்ஸியை வாங்குவாள், கவிழ்ப்பாள், காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள், உச்சுக் கொட்டுவாள்.

"எல்லாருக்கும் கை வராதுங்க. வெச்சுட்டுப் போங்க. சாயங்காலமா வாங்க, பொழைச்சா உங்க அதிர்ஷ்டம்."

ஆள் படியிறங்கியதும் கடைக்கு நடுவே தொங்கும் பச்சைத் திரையை இழுத்துவிட்டு உள்ளே போவாள். பத்து மிக்ஸி வந்தால் அதில் நாலுக்கு ஒரு நோயும் இருக்காது. அளவுக்கு மீறி அடைத்து அரைத்தால் தானாக நின்றுவிடும். மறுபடி ஓடவைக்க அடிப்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அதை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். அக்கா அழுத்துவாள். ஓடும். அணைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பாள். ஒரு விநாடி வேலையை ஒரு விநாடியில் முடித்துக் கொடுத்தால் மரியாதை இருக்குமா? டாக்டர்கூடக் கையைப் பிடித்துப் பார்த்துக் கொஞ்சநேரம் மோட்டுவளையைப் பார்க்கிறார் அல்லவா?

அதற்காக அக்காவை ஏமாற்றுக்காரி என்று இப்போதே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மீதி ஆறு மிக்ஸிக்கு அவள் படுகிற பாடு இருக்கிறதே, அது யாருக்கும் தெரியாது. இப்போது வருகிற மிக்ஸிகள் திறப்பதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. கடையில் கிடைக்கிற எந்த ஸ்க்ரூடிரைவருக்கும் மசியாத மூன்று கால் திருகு, அதற்கு மேல் பசை, அதற்கு மேல் "திறந்தால் வாரண்டி கிடையாது" என்று மிரட்டுகிற ஒரு ஒட்டுத்தாள். அக்கா சைக்கிள் கம்பியை அரத்தில் ராவி மூன்று காலுக்கும் தோதான கருவி செய்தாள். பசைக்கு முடி உலர்த்துகிற டிரையர். ஒட்டுத்தாளுக்கு எச்சில். தெருமுனையில் ஜனங்கள் வீசிவிட்டுப் போன மிக்ஸிகளையும் குப்பை லாரி வருவதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒன்றின் மோட்டாரை இன்னொன்றின் உடம்பில் வைத்து, ஓட விட்டிருக்கிறாள். லாரிக்காரர் அவளைக் கண்டால் ஹாரன் அடித்துச் சலாம் போடுவார். "பூமிக்குள்ள புதைஞ்சு போக வேண்டியது எத்தனை என் கையால எழுந்து ஓடுது தெரியுமா?" என்று அவள் நெஞ்சை நிமிர்த்தினால், அதில் பொய் இல்லை.

இனிதான் வேடிக்கை. அந்த மூன்று கால் திருகைக் கண்டுபிடித்த மகானுபாவன் வேறு யாருமில்லை. அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

தம்பி மிக்ஸி கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். பதினைந்து வருஷமாக அவனுக்கு ஒரே வேலை: மூடுவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். வந்த கையோடு வம்புக்கு இழுப்பான். "புதுசா ஒரு பசை வந்திருக்குக்கா. சுத்தியலால அடிச்சாலும் விடாது. உன் கடைக்குப் பூட்டு வாங்கி வெச்சுக்கோ." அடுத்த ஞாயிறு அவன் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புது மிக்ஸி இரண்டு பாதியாகப் பிளந்து கிடக்கும். அக்கா பரிமாறிக்கொண்டே இருப்பாள். தம்பிக்குச் சோறு இறங்காது. அவள் புருஷன் மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

புருஷனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பஸ் டிரைவர். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் விரல்கடை இடைவெளி உள்ள சந்தில் பஸ்ஸை உரசாமல் திருப்புவார். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் அவர் கையும் காலும் வேறு யாருடையதோ. பிஸ்கட் பாக்கெட்டில் "இங்கே கிழிக்கவும்" என்று போட்ட இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கிழிப்பார். வீட்டில் பல்பு போனால், பெண்டாட்டி வரும்வரை இருட்டில் உட்கார்ந்து அந்தப் பல்பின் நல்ல குணங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். அக்கா மிக்ஸியைப் பிரிக்கும்போது கிட்டே வரவே மாட்டார். டீயைக் கொண்டுவந்து திரைக்கு வெளியே வைத்துவிட்டு நுனிக்காலில் போய்விடுவார். அவருக்கு அவள் ஒரு சர்ஜன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு புதன்கிழமை பட்டப்பகலில் தம்பி கடைவாசலில் வந்து நின்றான். ஞாயிறல்லாத நாளில் தம்பி வந்தால் விசேஷம் நல்லதாக இருக்காது. கையில் பிஸ்கட் பாக்கெட் வேறு. அக்கா திரையை இழுத்து மூடினாள்.

"என்னடா, வேலையை விட்டுத் தூக்கிட்டானா?"

"இன்னும் இல்லக்கா."

இன்னும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. அவனே உட்கார்ந்து கொட்டினான். புதுச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. ஊரில் குப்பை கொட்ட இடமில்லையாம். இனிமேல் வீட்டு மெஷின் எதுவானாலும் வாங்கியவரே அதைத் திறந்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, திரும்ப மூடி ஓடவைக்க முடிய வேண்டும். ஒரே ஒரு சாதாரண ஸ்க்ரூடிரைவர். பத்து நிமிஷம். தெருவில் போகிறவர்களில் சீட்டுக் குலுக்கி ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். நாலு பேராவது செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெஷினை விற்க முடியாது.

"சரி, திறக்கற மாதிரி பண்ணிடேன். உனக்கு அது ஒரு வேலையா?"

தம்பி பிஸ்கட் பாக்கெட்டையே பார்த்தான். "எனக்கு அது வரலக்கா."

முதல் தடவை ஐந்து பேரில் ஒருவர்கூடத் திறக்கவில்லை. ஒருவர் மிக்ஸியைத் தரையில் போட்டே பார்த்தார், அப்படியும் திறக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் தம்பி முகத்தில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அக்கா ஒரு முறை முறைத்ததும் போய்விட்டது. இரண்டாம் தடவை எப்படித் திறப்பது என்று முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தான். பத்து நிமிஷமும் அவர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

"மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சுன்னா?"

"மிக்ஸியும் அவ்ளோதான், நானும் அவ்ளோதான். மேனேஜர் மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டார். ரெண்டு பசங்க படிக்குதுக்கா."

அக்காவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. வெட்கமில்லாமல் உண்மையைச் சொல்லிவிடலாம்: தம்பியின் பிள்ளைகளைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. பதினைந்து வருஷமாகச் சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து அவளைக் கேலி பண்ணிய பயல், வாலைச் சுருட்டிக்கொண்டு அவள் கடைக்கே வந்துவிட்டான். அது முதலில் வந்தது.

"எழுந்திரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போடு" என்றாள்.

அந்த வாரத்தில் மீதி நாளெல்லாம் மத்தியானத்தில் இரண்டு பேரும் ஒரே மேசையில் குனிந்து கிடந்தார்கள். மூன்று கால் திருகு போனது, பசை போனது. தம்பி வரைவான், அக்கா அடித்துத் திருத்துவாள். சின்ன வயசில் பொம்மைக் காருக்குப் போட்ட சண்டையெல்லாம் மறுபடி போட்டார்கள். சனிக்கிழமை புது மெஷின் தயார். அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திறந்தாள்: நாற்பது விநாடி. தம்பி திறந்தான்: ஐம்பது. இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"இதைத் தூக்கத்துல எழுப்பிக் கொடுத்தாக்கூடத் திறந்துடுவாங்கடா" என்றாள் அக்கா.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டு முடித்த டிரைவரைக் கைகழுவக்கூட விடாமல் மேசைக்கு இழுத்தார்கள். அவர் பயந்துபோனார். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? ஒடச்சுடுவேன்." ஒடைத்தால் ஒடைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் திணித்தார்கள். அவர் நாலு திருகையும் கழற்றினார். மூடியைத் தூக்கினார். வரவில்லை. திருப்பினார். வரவில்லை. மிக்ஸியை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்தார். பத்து நிமிஷம் முடிந்தபோது மிக்ஸி சௌக்கியமாக இருந்தது, அவர் வேர்த்துக் குளித்திருந்தார்.

"இங்க கொடுங்க" என்று அக்கா பிடுங்கினாள். மூடி பூப்போல வந்தது. "பாருங்க, தூக்கினா வருது."

"அக்கா, நில்லு. நீ இடது கட்டைவிரலால ஓரத்தை அழுத்தறே."

"நான் எங்கடா அழுத்தினேன்?"

"இப்போ அழுத்தினே. நானும் அழுத்தறேன் போல. அதை அழுத்தணும்னு யாருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் திறந்து திறந்து, விரல் அவளைக் கேட்காமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் மூடி மூடித் தம்பிக்கும் அப்படியே. உலகத்தில் இரண்டே இரண்டு பேரால் மட்டும் திறக்கக்கூடிய மெஷினைச் செய்துவிட்டு, அந்த இரண்டு பேருமே முதுகைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டிரைவர் மட்டும் "நான்தான் சொன்னேனே, எனக்கு வராதுன்னு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து டிரைவர்தான் அளவுகோல். "மாமா திறந்தா ஊரே திறக்கும்" என்றான் தம்பி. மரியாதையான வாக்கியம் இல்லைதான். டிரைவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். அழுத்த வேண்டிய இடத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டார்கள். திருகெல்லாம் ஒரே மாதிரி, ஒரே நீளம். கழற்ற வேண்டிய பாகத்துக்கெல்லாம் மஞ்சள் நிறம். அடுத்த ஞாயிறு டிரைவர் உட்கார்ந்தார். அம்பைப் பார்த்தார், அழுத்தினார், தூக்கினார். மூடி வந்துவிட்டது. மோட்டார் பளபளவென்று உள்ளே உட்கார்ந்திருந்தது.

"அட!" என்று கத்தினார் டிரைவர். "திறந்துட்டேன்!" அவர் கல்யாணத்தன்றைக்குக்கூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை. தம்பி அவரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது வேறொரு நினைப்பு வந்தது. பிஸ்கட் பாக்கெட்டைத் திறக்கத் தெரியாத மனுஷன், இரண்டு நிமிஷத்தில் மோட்டாரை வெளியே காட்டிவிட்டார். நாளைக்குத் தெருவிலிருக்கிற அத்தனை பேரும் காட்டுவார்கள். அப்புறம் யார் கடைப்படி ஏறி, கையைக் கட்டி நின்று, "நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்பார்கள்? மாசம் முழுக்க ஒருவர் வராவிட்டால் டிரைவர் சம்பளத்தில் கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம். ஆனால் தெருவில் நடந்து போகும்போது நாலு பேர் எழுந்து "வாங்கக்கா" என்கிறார்களே, அது எங்கே கிடைக்கும்? அதை நினைத்ததும் அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மிக்ஸியில் அடிக்கடி தேய்கிற பாகம் கார்பன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கரித்துண்டு. மோட்டாரில் ஒட்டிக்கொண்டு கரன்ட்டைக் கடத்தும். தேய்ந்துவிட்டால் மிக்ஸி பேசாது. சோதனையில் மாற்றச் சொல்லப்போவதும் அதைத்தான். திங்கட்கிழமை அக்கா, கார்பன் இருக்கும் குழிக்கு மேலே ஒரு சின்ன கிளிப்பை வைத்தாள். அடியிலிருந்து நகத்தால் நெம்பி, கால் சுற்றுத் திருப்பி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"இது எதுக்குக்கா?"

"மோட்டார் ஆடாம இருக்கணும்ல. வேகத்துல வெச்சா உதறும்டா."

மோட்டார் விஷயத்தில் அக்கா சொன்னால் தம்பிக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. "நீ சொன்னா சரி" என்று வரைபடத்தில் கிளிப்பையும் ஏற்றிவிட்டான். அக்கா மனசுக்குள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது: ஐந்தில் நாலு பேர் தட்டுத்தடுமாறியாவது கிளிப்பைத் தாண்டிவிடுவார்கள், தம்பிக்கு வேலை நிற்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து கழற்றுகிறவர்கள் அலுத்துப்போய் அவளிடம் வருவார்கள். அவளுக்குக் கடை நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிற ஏற்பாடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும்.

சோதனை அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு கடைசி ஒத்திகை. டிரைவர் சாப்பிட்டதும் தானாகவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை வேறு மடித்துவிட்டுக்கொண்டார். திருகு, அம்பு, மூடி, எல்லாம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. கிளிப்பில் வந்து நின்றார்.

இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். பக்கவாட்டில் தள்ளினார். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னான். வழக்கமாக இந்த இடத்தில் டிரைவர் கையை உதறிவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிடுவார். இன்று எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இரு மாப்ளே" என்று இன்னும் குனிந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. நகம் பெயர்ந்து விரல்நுனியில் ரத்தம் கசிந்தது. அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு மறுபடி இழுத்தார். அக்கா சமையலறை வாசலில் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"விடுங்க மாமா. பரவாயில்ல. எல்லாருக்கும் கை வராது" என்றான் தம்பி.

டிரைவர் நிமிர்ந்தார். முகம் விழுந்துவிட்டிருந்தது. "என்னை மாதிரி ஒரு மடையன் செவ்வாக்கிழமை அங்க வந்து உட்கார்ந்தான்னா உன் வேலை போயிடுமே மாப்ளே. இவளோட பதினெட்டு வருஷமா குடும்பம் நடத்தறேன், ஒரு இழவும் கத்துக்கல. தப்பு என்னோடதுதான்."

அக்காவுக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. எங்கேயோ என்ன எங்கேயோ, தினமும் காலை பத்து மணிக்குக் கடைவாசலில் கேட்கிற குரல்தான் அது. எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நான்தான் ஏதோ தப்பா பண்ணிட்டேன். அங்கே கேட்டால் இனிக்கிற குரல், இங்கே ரத்தம் வடிகிற விரலோடு சொந்தப் புருஷன் வாயிலிருந்து வந்தபோது அவளால் சும்மா நிற்க முடியவில்லை. குறடை எடுத்துக்கொண்டு வந்தாள். கிளிப்பைப் பிடித்து ஒரே முறுக்கு. அது முறிந்து மேசைக்கு அடியில் ஓடியது.

"இது வேண்டாம்."

"மோட்டார் ஆடும்னு சொன்னியேக்கா?" என்றான் தம்பி.

"ஆடாது."

"அப்புறம் எதுக்கு வெச்சே?"

"எனக்காக வெச்சேன்."

தம்பிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் நாற்காலி கீழே விழ எழுந்தான். "என் பொழைப்புக்கே உலை வெச்சிருக்கே! கூடப்பிறந்தவளா நீ?"

"ஏன், நீ பதினஞ்சு வருஷமா யாருக்காக மூடினே? ஊருக்கு உபகாரமா?" என்று அக்கா திருப்பி ஒன்று விட்டாள். "நீ பசை போட்டு மூடினே, நான் கிளிப் போட்டு மூடினேன். வா, ரெண்டு பேரும் சேர்ந்து போய் நாண்டுக்கலாம்." சொல்லிவிட்டு, வாழ்க்கையில் மூன்றாவதோ நாலாவதோ தடவையாக, தம்பி முன்னால் அழுதாள். தம்பி நாற்காலியை நிமிர்த்தி வைத்தான், அதில் உட்காராமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

டிரைவர் மட்டும் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ நான் மடையன் இல்லையா?"

"மடையன்தான்" என்றாள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா இதுக்காக இல்ல."

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் பெரிய அறையில் ஐந்து மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குக் கிளிப் எடுத்துவிட்ட ஒரு மிக்ஸி, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு புது கார்பன், ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் மேனேஜர் திரையில் படம் காட்டிப் பேசினார். வட்டமாகப் பச்சை அம்புகள்: தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பழுது பார்க்க, அங்கிருந்து மறுபடி வீட்டுக்கு, கடைசியில் உருக்கித் தொழிற்சாலைக்கே. எதுவும் வீணாகாத உலகம் என்றார். முந்தின வருஷம் இதே திரையில் பசைக்குக் கைதட்டு வாங்கியவர் இவர்தான் என்று தம்பி அக்காவின் காதில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவன் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அது. ஆலோசகர் என்று அவள் சட்டையில் ஒரு அட்டையைக் குத்தி, பின்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

சீட்டுக் குலுக்கிக் கூட்டிவந்த ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். ஒரு தையல்காரர், ஒரு கல்லூரிப் பெண், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். ஐந்தாவதாக வந்தவரைப் பார்த்ததும் அக்கா முன்சீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டாள். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். ஒன்பது வருஷமாக அவளிடம் மிக்ஸி கொண்டுவருகிறவர்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மணி அடித்தார். தையல்காரர் நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிக்ஸியை ஓடவிட்டு, பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினார். கல்லூரிப் பெண் ஐந்து நிமிஷம். கைக்குழந்தை அம்மா, குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டே ஐந்தரை நிமிஷம். வங்கிக்காரர் அம்புக்குறியைப் பார்க்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று மூடியைத் தலைகீழாகப் பிடித்து இழுத்து ஓரத்தை உடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மிச்சம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர்தான். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிங்கம்மா. ஆறு நிமிஷம் ஆகப்போகுது" என்றார் அதிகாரி.

"எனக்கு இது வராதுங்க. இதெல்லாம் கை வரணும். எங்க தெருப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கா, அவ பார்த்துட்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. நான் தொட்டா இன்னும் மோசமாயிடும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவன் திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. ரத்தம் வற்றிய முகத்தோடு சும்மா பார்த்தான். இப்போது அவன் வேலைக்கும் தெருவுக்கும் நடுவே எந்தத் திருகும் இல்லை, பசையும் இல்லை. அக்கா ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஏற்றிய ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைக் கழற்ற எந்தக் கடையிலும் கருவி கிடையாது.

அக்கா எழுந்தாள்.

"டீச்சர்."

"அட, நீ இங்கேயா இருக்கே?" ஹெட்மிஸ்ட்ரஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதோ, நான் சொன்னேனே, இவதான் அந்தப் பொண்ணு. நீயே வந்து இவங்ககிட்டச் சொல்லும்மா."

"வெளியாள் குறுக்கே பேசக் கூடாது" என்றார் அதிகாரி.

"எப்படித் திறக்கறதுன்னு சொல்ல வரலைங்க. நான் பண்ணின தப்பைச் சொல்ல வந்திருக்கேன்." விட்டால் அக்காவின் கால் தானாக வாசலுக்குப் போய்விடும்போல இருந்தது. "டீச்சர், போன வருஷம் உங்க மிக்ஸிக்கு மோட்டாரே போச்சுன்னு சொன்னேன்ல. போகல. அந்தக் கரித்துண்டுதான் தேஞ்சிருந்தது, உங்க மேசைமேல இருக்கே, அதே மாதிரி. மாத்தினேன். மூணு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சுக் கொடுத்தேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் கட்டிய கையை அவிழ்த்தார்.

"ரெண்டு நாள் என்ன பண்ணினே?"

"கதை படிச்சேன் டீச்சர்."

"ரெண்டு நாள்!" ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்தே விட்டார். "ரெண்டு நாளும் மருமக வீட்டு வாசல்ல போய் மிக்ஸிக்கு நின்னேனே! அவ என்ன பேச்சுப் பேசினா தெரியுமா? உங்களுக்கு எதையுமே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதான்னு கேட்டா. ஆமாம்மா, தெரியாதுதான்னு சொல்லிட்டு வந்தேனே!"

"உங்களுக்குக் கை வராதுன்னு சொன்னதும் பொய்தான் டீச்சர். யாருக்கும் அப்படிக் கிடையாது."

"மூணு நிமிஷம் இருக்கு" என்றார் அதிகாரி.

ஹெட்மிஸ்ட்ரஸ் அப்படியே தொப்பென்று உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினார். கோபம் வந்த கைக்கு என்ன வேகம் தெரியுமா? நாலு திருகும் மேசைமேல் உருண்டன. அம்பை அழுத்திய அழுத்தில் மேசையே ஆடியது. மூடி வந்தது, மஞ்சள் குழி தெரிந்தது, பழைய கார்பன் வெளியே வந்தது. அதை இரண்டு விரலால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் டீச்சர்."

புதுசைச் செருகி, மூடி, முடுக்கி, சுவிட்சைத் தட்டினார். மிக்ஸி உறுமியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து ஒன்பதே முக்கால் என்று எழுதினார். மேனேஜர் கைதட்ட ஆரம்பித்தார். தம்பி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்காவுக்குக் கை தட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. நாளைக்குக் காலையில் இந்தக் கதை தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரிந்தது. இருந்தும் என்னவோ நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் மிக்ஸியை அணைத்தார். கைப்பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை உள்ளே போட்டுக்கொண்டார்.

"அம்மா, அது எங்களோடது" என்றார் அதிகாரி.

"இனிமே என்னோடது" என்று சொல்லிவிட்டு, அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் வெளியே நடந்தார்.